8 மி.மீ. தமிழ் எழுத்து, கண்ணாடி எட்சிங்: எந்தக் கட்டிங் பிளாட்டர் வாங்கலாம்?

கண்ணாடிமேசை

வணக்கம். கண்ணாடியில் ஒட்டும் மாஸ்க் படலத்தில் ஸ்டென்சில் வெட்ட ஒரு கட்டிங் பிளாட்டர், அதாவது கணினியில் வரைந்ததைக் கத்தியால் வெட்டும் மெஷின், வாங்க வேண்டும். வேலை இரண்டு வகை. ஒன்று, கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுக்கும் கண்ணாடி டம்ளர். மணமக்கள் பெயர், தேதி, சின்னதாக ஒரு குத்துவிளக்கு. எழுத்து உயரம் 8 மி.மீ., சில ஆர்டரில் 6. கண்ணாடியை அரித்து வெள்ளையாக்கும் எட்சிங் கிரீம் பூசி எடுப்பது. இன்னொன்று, பூஜை அறைக் கதவுக் கண்ணாடி. இரண்டடி அகலம், ஆறடி உயரம். சங்கு, சக்கரம், கொடி வேலைப்பாடு. அதற்கு சாண்ட் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் மணல் அடிப்பது.

ஒரு விற்பனையாளர் 0.0125 மி.மீ. துல்லியம் என்கிறார், இன்னொருவர் 0.005 என்கிறார். கிரிகட், கேமியோ, 28 அங்குலச் சீன மெஷின், ரோலாண்ட், கிராப்டெக் என்று ஆளுக்கொரு பேர். ‘ண்’ எழுத்தின் சுழியும் மேலே உள்ள புள்ளியும் ஒழுங்காக வர எது வேண்டும்?

ஒட்டுத்தாள்

முதலில் அந்த எண்களை ஓரமாக வையுங்கள். அவை, மோட்டாருக்கு ஒரு கட்டளை போனால் தலை எவ்வளவு நகரும் என்ற கணக்கு. பிளேடின் முனை அங்கே போய்ச் சேர்ந்ததா என்பது வேறு சங்கதி. ரோலாண்ட் ஜிஎஸ்-24 மெக்கானிக்கலாக 0.0125 நகரக்கூடியது, மென்பொருளிலிருந்து வரும் கட்டளையின் படி 0.025. பிளாட்டருக்குக் கட்டளை போகும் மொழியான ஹெச்பிஜிஎல்லில் ஒரு மில்லிமீட்டருக்கு 40 அலகு, அவ்வளவுதான். உங்கள் வேலைக்கு அதுவே ஏராளம்.

புள்ளியைக் கெடுப்பது ஆஃப்செட். இந்த மெஷின்களில் இருப்பது இழுபட்டுப் போகும் கத்தி. கடை டிராலியின் சுழல் சக்கரம் மாதிரி, பிளேடின் முனை ஹோல்டரின் மையத்துக்குக் கொஞ்சம் பின்னால் வரும். அந்த இடைவெளி ரோலாண்ட் வகைப் பொது பிளேடுக்கு 0.25 மி.மீ., கிராப்டெக் சிபி09-க்கு 0.45, சிபி15-க்கு 0.75.

இப்போது கணக்கைப் பாருங்கள். 8 மி.மீ. எழுத்தில் மெய்ப்புள்ளியின் விட்டம் சுமார் 1 மி.மீ., அதாவது ஆரம் 0.5. முனை அந்த வட்டத்தில் சுற்ற வேண்டுமானால் ஹோல்டரின் மையம் அதைவிடப் பெரிய வட்டம் போட வேண்டும். 0.25 ஆஃப்செட்டுக்கு அந்த ஆரம் 0.56. 0.45-க்கு 0.67. 0.75-க்கு 0.90. கடைசி வகையில், வெட்ட வேண்டிய வட்டத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வட்டத்தைத் தலை போடுகிறது. நடுவில் பேரிங் லேசாகச் சிக்கினாலும் புள்ளி முட்டையாகிவிடும்.

அடுத்தது கோணம். 0.1 மி.மீ. ஆழத்தில் 45 பாகை பிளேடின் விளிம்பு படலத்துக்குள் 0.1 மி.மீ. நீளத்துக்குப் பதிந்திருக்கும். 60 பாகையில் அது 0.058. திரும்பும் இடத்தில் படலத்தைக் கிளறாமல் இருக்க 60 நல்லது. முனை சீக்கிரம் ஒடியும், அது அதன் விலை.

ஆக, ஆஃப்செட் சிறிய 60 பாகை பிளேடு, சுத்தமான ஹோல்டர், குறைந்த வேகம். இந்த மூன்றும் அமைந்த பிறகுதான் மெஷின் பேர்.

ரேடியம்கடை

சார் சொல்றது சரி, ஆனா ஒன்னு. மெஷின் பேர் கடைசின்னு சொன்னா, இருக்கறதுலயே மலிவானதை வாங்கிட்டு வந்துடுவாங்க. 28 அங்குல ஸ்டெப்பர் மெஷின், அதாவது படிப்படியா நகர்ற மோட்டார் உள்ளது, நம்பர் பிளேட்டுக்கும் கடை போர்டுக்கும் போதும். 8 மி.மீ. எழுத்தும் வரும், வேகத்தை விநாடிக்கு 40, 50 மி.மீ.க்கு இறக்கினா. பிரச்சினை, ஸ்டெப்பர் ஒரு ஸ்டெப் தவறவிட்டா அதுக்கே தெரியாது. எங்க இருக்கோம்னு திரும்பிச் சொல்ற என்கோடர் கிடையாது. சர்வோ மோட்டார்ல இருக்கு.

கடையில நிக்கும்போதே பார்க்கலாம். மெஷினை ஆன் பண்ணி, ஹோல்டரை ரெண்டு விரல்ல பிடிச்சு இடமும் வலமும் மெதுவா ஆட்டிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியற ஆட்டம் இருந்தா, அந்த ஆட்டம் அப்படியே சுழியில வரும். செட்டிங்ல சரி பண்ண முடியாது. கும்பிடு போட்டுட்டு வெளியே வந்துடுங்க.

பிளாட்டர்மெக்

ஒரே மெஷினில் இரண்டு வேலையும் வேண்டுமென்றால் 24 அங்குல வகைதான், ரோல் போட்டு ஆறடி நீளத்துக்குக் கோணாமல் ஓட வேண்டும். 12 அங்குல மெஷின்கள் டம்ளருக்குப் போதும், கதவுக்கு முடியாது. துண்டு துண்டாக வெட்டி ஒட்டலாம் என்பார்கள். கொடி வேலைப்பாட்டில் இணைப்பு 0.5 மி.மீ. விலகினாலும் மணல் அடித்த பிறகு பளிச்சென்று தெரியும்.

ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். இரண்டடி என்றால் 610 மி.மீ. ரோலாண்ட் ஜிஎஸ்-24 வெட்டும் அகலம் 584. கிராப்டெக் சிஇ7000-60 வெட்டுவது 603. இரண்டுமே கண்ணாடியைவிடக் குறைவு! ஓரத்தில் இரண்டு அங்குலம் டிசைன் இல்லாத பார்டராக விட்டு, அந்த இடத்தைச் சாதாரண மாஸ்கிங் டேப்பால் மூடுவதுதான் வழக்கம். டிசைன் கண்ணாடியின் விளிம்பு வரை ஓட வேண்டுமென்றால் அடுத்த அகல மெஷினுக்குப் போகணும். வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இது.

மற்றபடி:

கிரிகட்: அவர்களுடைய டிசைன் ஸ்பேஸ் வழியாக மட்டுமே ஓடும், கணக்குத் தொடங்கி உள்நுழைய வேண்டும். கோரல், இங்க்ஸ்கேப் போன்ற வரையும் மென்பொருளிலிருந்து நேராக அனுப்ப முடியாது. ஆர்டருக்கு ஆர்டர் பெயர் மாறும் வேலையில் இது தலைவலி.

கேமியோ: கிராப்டெக் வழி வந்த குடும்பம். சிறு வெட்டு நன்றாகவே வரும். மென்பொருளின் இலவசப் பதிப்பு எஸ்விஜி என்ற பொது வரைபடக் கோப்பைத் திறக்காது, மேல் பதிப்பு வாங்க வேண்டும். இல்லையென்றால் இங்க்ஸ்கேப்பிலிருந்து நேராக அனுப்பும் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. சிபி09 ஹோல்டரைப் பழைய மாடல்களில் அப்படியே போடலாம், கேமியோ 4-க்கு அடாப்டர் தேவை.

ரோலாண்ட், கிராப்டெக்: இரண்டும் சர்வோ. ஜிஎஸ்-24 அழுத்தம் 30 முதல் 350 கிராம். சிஇ7000-60 உச்சம் 450 கிராம், கூடவே டான்ஜென்ஷியல் எமுலேஷன் என்று ஒரு முறை உண்டு. மூலையில் பிளேடைத் தூக்கித் திருப்பி இறக்கும். தடித்த பொருளுக்கு அது உதவும்.

விளம்பரத்தில் எல்லாரும் உச்ச அழுத்தத்தையே பெரிதாகப் போடுவார்கள். உங்களுக்குத் தேவை கீழ் முனை. மாஸ்க் படலத்துக்கு 60 முதல் 90 கிராம்தான் ஆகும். அந்த வரம்பில் பத்துப் பத்து கிராமாக ஏற்றி இறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கண்ணாடிமேசை

610-க்கு 603 என்பதை யாரும் சொல்லவே இல்லை. மிக்க நன்றி. டெமோவுக்குப் போகும்போது என்ன கோப்பு கொண்டுபோவது? எழுத்துருவிலும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

எழுத்துரு_ஆள்

பார்க்க வேண்டியது நிறைய.

தடிமனும் மெல்லிசும் மாறிவரும் எழுத்துரு வேண்டாம். எல்லாக் கோடும் ஒரே தடிமனாக இருக்கும் எழுத்துருவை எடுங்கள். 8 மி.மீ. உயரத்தில் கோட்டின் தடிமன் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இரண்டு கோடுகளுக்கு இடையே நிற்கும் படலம் 0.6-க்குக் குறைந்தால் உரிக்கும்போது கூடவே வந்துவிடும்.

தமிழில் தொல்லை எங்கே என்றால் சுழிகள். அ, ண, ன, ல, வ எல்லாவற்றிலும் மூடிய சுழி. அதன் உட்பகுதி தனித் தீவு. ‘ண’ 8 மி.மீ. உயரத்தில் இருந்தால் அந்தத் தீவு ஒரு கடுகளவுகூட இருக்காது. நோட் எடிட்டிங்கில், அதாவது கோட்டை வளைக்கும் நோட் எனும் புள்ளிகளை இழுத்து, சுழியைக் கொஞ்சம் திறந்து அகலப்படுத்துங்கள். மெய்ப்புள்ளியையும் எழுத்துருவில் உள்ளபடி விடாமல் 1.3 மடங்கு பெரிதாக்குங்கள். டம்ளரில் பார்க்கும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தாலும் புள்ளி இல்லாத ‘கணணன்’ஐவிட மேல்.

அடுத்தது ஒன்றின்மேல் ஒன்று ஏறும் வடிவங்கள். சில எழுத்துருக்களில் மேல்விலங்கும் துணைக்காலும் தனி வடிவமாக வந்து மெய்யெழுத்தின்மேல் கொஞ்சம் ஏறி உட்காரும். திரையில் கருப்பாக ஒன்றாகத்தான் தெரியும். பிளாட்டருக்கு அவை இரண்டு கோடுகள், உள்ளே குறுக்கே வெட்டிவிடும். எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோடாக மாற்றி, ஒன்றாக இணைத்துவிடுங்கள்: கோரலில் வெல்ட், இங்க்ஸ்கேப்பில் யூனியன். பிறகு அவுட்லைன் பார்வையில் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

படத்தை டிரேஸ் செய்து எடுத்த குத்துவிளக்கு என்றால் நோட் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு வட்டத்துக்கு 4 நோட் போதும். டிரேஸ் செய்தால் 60 வரும். ஒவ்வொரு நோட்டிலும் தலை தயங்கும், பிளேடு சொரசொரவென்று பல் பல்லாக வெட்டும். நோட்டைக் குறைக்கும் சிம்ப்ளிஃபை போட்டால் சுடரின் கூர்முனை மழுங்கும், அதனால் விளக்கின் உடம்புக்கு மட்டும் போட்டுவிட்டுச் சுடரைக் கையால் வரைவது நல்லது.

டெமோ கோப்பில் இவை இருக்கட்டும்:

- ‘அண்ணன்’ என்ற சொல் 10, 8, 6 மி.மீ. உயரத்தில். சுழி, புள்ளி இரண்டுக்கும் இது போதும்.
- 1, 1.5, 2 மி.மீ. விட்டத்தில் பத்துப் பத்து வட்டம்.
- 5 மி.மீ. சதுரம், முக்கோணம்.
- 0.5, 0.8, 1.0 மி.மீ. இடைவெளியில் இணைகோடுகள்.
- ஒன்றரை மீட்டர் நீளச் செவ்வகம், ஒரே கோட்டில் இரண்டு முறை. இரண்டாவது வெட்டு முதல் வெட்டின்மேல் விழாவிட்டால் ரோல் கோணுகிறது.

மாஸ்க் படலத்தை நீங்களே கொண்டுபோங்கள். பளபளப்பான சைன் வினைலில் இரண்டு அங்குல எழுத்து வெட்டிக் காட்டினால் எந்த மெஷினும் அழகாகத்தான் வெட்டும்.

புதியவன்_7

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சிஓ2 லேசரில் வினைலை வெட்டினால் இந்த ஆஃப்செட் தொல்லையே இல்லையே?

அமிலக்குடுவை

கூடவே கூடாது. வினைல் என்பது பிவிசி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலுக்கும் கேடு, லேசரின் லென்ஸ், தண்டவாளம் எல்லாம் துருப்பிடிக்கும். பாலியெஸ்டர் படலத்தில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஸ்டென்சில் என்றால் லேசர் சரி. அதில் சுழிக்கு உள்ளே தீவு நிற்காது, பாலம் விட்டு வரைய வேண்டும். ஒட்டும் மாஸ்க்கில் பாலம் தேவையில்லை.

கண்ணாடிமேசை

ஒரு 24 அங்குல மெஷினில் அந்தக் கோப்பை வெட்டிப் பார்த்தாயிற்று. படலம் ஓராமாஸ்க் 813. மூன்று குறை. சதுரத்தின் மூலைகளில் சின்னக் கொம்பு மாதிரி வெளியே நீட்டுகிறது. 1 மி.மீ. வட்டங்கள் தொடங்கிய இடத்தில் மூடவில்லை. 6 மி.மீ. ‘ண்’ணை உரித்தால் சுழியின் உட்பகுதியும் சேர்ந்து வருகிறது. மெஷினே சரியில்லையா?

ஒட்டுத்தாள்

மூன்றும் வெவ்வேறு நோய். எதற்கும் மெஷினைக் குறை சொல்ல இன்னும் காரணம் இல்லை.

கொம்பு: மெஷினில் போட்டிருக்கும் ஆஃப்செட், உள்ளே இருக்கும் பிளேடின் ஆஃப்செட்டைவிட அதிகம். 0.05 வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், கொம்பு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் குறைத்தால் மூலை உருண்டுவிடும். அப்போது ஒரு படி ஏற்றணும். பிளேடை மாற்றும்போதெல்லாம் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மூடாத வட்டம்: எப்படி மூடவில்லை என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தொடக்கமும் முடிவும் ஒரே கோட்டில் வந்து நடுவில் மட்டும் இடைவெளி என்றால் ஓவர்கட், அதாவது தொடங்கிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெட்டுவது, 0.1 அல்லது 0.2 மி.மீ. கொடுத்தால் தீர்ந்தது. முடிவு தொடக்கத்துக்குப் பக்கவாட்டில் விலகிப் போயிருந்தால் ஓவர்கட் உதவாது. ஹோல்டருக்குள் பிளேடு தாராளமாகச் சுழலவில்லை, அல்லது தலையில் ஆட்டம். பிளேடைக் கழற்றி, உள்ளே சிக்கிய வினைல் துகளை ஊதி எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. திரும்பப் போட்டு விரலால் சுண்டினால் தங்குதடையின்றிச் சுழல வேண்டும். அதன்பிறகும் விலகினால் ரேடியம்கடை சொன்ன ஆட்டம்தான், அந்த மெஷின் வேண்டாம்.

சுழி கூடவே வருவது: பெரும்பாலும் பிளேடு அளவுக்கு மீறி நீட்டியிருக்கிறது. 813 படலம் 80 மைக்ரான், பசையையும் சேர்த்தால் 0.1 மி.மீ. சுமார். பிளேடு 0.2-க்கு மேல் வெளியே தெரியத் தேவையில்லை. கிரெடிட் கார்டு தடிமன் நீட்டச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. அந்த கார்டு 0.76 மி.மீ., ஏழு மடங்கு! அவ்வளவு நீட்டினால் அடித்தாளும் அறுபடும். அறுபட்ட தாளின் நார் தீவோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும்.

அமைக்கும் முறை இதுதான். ஹோல்டரை மெஷினிலிருந்து எடுத்துப் பேனா மாதிரி பிடித்து, அதே படலத்தின் துண்டில் கையால் அழுத்தி ஒரு கோடு. படலம் அறுபட வேண்டும், அடித்தாளில் நகக்கீறல் மாதிரி தடம் மட்டும் தெரிய வேண்டும், பின்பக்கம் தடவினால் ஒன்றும் தட்டுப்படக் கூடாது. அப்புறம் மெஷினில் 50 கிராமில் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். 10 மி.மீ.க்குக் குறைந்த எழுத்துக்கு விநாடிக்கு 50 மி.மீ. வேகம் போதும். ஆக்சிலரேஷன், அதாவது வேகம் கூடும் வீதம், தனியாக இருந்தால் அதையும் கீழே இறக்குங்கள். குட்டி வட்டத்தில் தலை முழு வேகத்தை எட்டுவதே இல்லை, அங்கே ஆட்டம் காட்டுவது ஆக்சிலரேஷன்தான்.

ரேடியம்கடை

இன்னொன்னு பாருங்க. பிளேடு ஓடற இடத்துக்கு அடியில வெள்ளைப் பட்டை ஒன்னு இருக்கும். டெமோ மெஷின்ல அது பல வருஷம் அடி வாங்கிப் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளத்து மேல வர்ற எழுத்து அறுபடாது, பக்கத்து எழுத்து ஆழமா அறுபடும். நீங்க அழுத்தத்தை ஏத்திக்கிட்டே போவீங்க. பட்டை மலிவு, மாத்திட்டா போதும்.

மழைக்காலத்துல ரோலோட அடித்தாள் ஈரம் இழுத்து வளையும், ஓரம் அலை அலையா நிக்கும். அப்ப கோணல் ஓட்டம் வந்தா மெஷினைத் திட்டாதீங்க. ரோலை உறை போட்டு நிக்க வச்சு வைங்க. தரையில படுக்கப் போட்டா ஒரு பக்கம் தட்டையாயிடும்.

அமிலக்குடுவை

உரிப்பது பற்றி ஒரு மாற்றுக் கருத்து. 6 மி.மீ. எழுத்தை மேசையில் வைத்து உரிக்கவே வேண்டாம். வெட்டிய ஸ்டென்சிலை உரிக்காமல் அப்படியே டிரான்ஸ்பர் டேப்பில், அதாவது மேலே ஒட்டித் தூக்கும் டேப்பில், எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி, டேப்பை எடுத்துவிட்டு, அங்கே எழுத்தை உரியுங்கள். சிலிக்கான் பூசிய அடித்தாளைவிடக் கண்ணாடியை அந்தப் பசை இறுக்கமாகப் பிடிக்கும். தீவு அசையாது.

ஒட்டுத்தாள்

டம்ளர் ஐந்து, பத்து என்றால் சரி. இருநூறு டம்ளரின் வளைவில் கொக்கி ஊசியை வைத்து ஒவ்வொரு சுழியாகக் கிளறினால் கழுத்து போய்விடும். கண்ணாடியில் கீறலும் விழும், எட்சிங் பக்கத்தில் கீறல் தெரியாமல் இருக்காது. 8 மி.மீ. மேசையில் உரிக்கலாம். வெட்டிய உடனே உரியுங்கள், ஒரு நாள் விட்டால் பசை ஊறி வெட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். நேர் மேலே இழுக்காமல், படலத்தை மடித்துத் தாளோடு தாளாகப் பின்னோக்கி இழுக்கணும்.

அமிலக்குடுவை

6-க்கு என் முறை, 8-க்கு உங்கள் முறை. சண்டை வேண்டாம்.

டிரான்ஸ்பர் டேப்பில் பசை அதிகமானது வேண்டாம். மாஸ்க் படலத்தின் பசை இளசு, டேப் ஜெயித்துவிடும். நடுத்தரம் அல்லது அதற்கும் கீழே.

இனி கிரீம். இவற்றில் இருப்பது ஃப்ளோரைடு உப்புகள், பெரும்பாலும் அமோனியம் பைஃப்ளோரைடு. பற்பசை மாதிரி இருப்பதால் யாரும் மதிப்பதில்லை. நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். தோலில் பட்டால் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்து உள்ளே வலிக்கும். உடனே ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, 2.5% கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு. அந்த ஜெல் கிரீமை வாங்கும் அன்றே வீட்டில் இருக்க வேண்டும்.

டம்ளரைச் சோப்பில் கழுவி, காய்ந்ததும் ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, அதன்பிறகு விரல் படாமல் ஒட்டுங்கள். புள்ளியின் விளிம்பையும் சுழியின் விளிம்பையும் நகத்தால் தனித்தனியாக அழுத்துங்கள். கசிவு தொடங்குவது அங்கேதான். கிரீம் 2, 3 மி.மீ. தடிமனாக நிற்க வேண்டும். மெல்லிசாகத் தேய்த்தால் திட்டுத்திட்டாக வரும். லேபிளில் உள்ள நேரத்தில் பாதியானதும் பிரஷ்ஷால் ஒருமுறை புரட்டிவிட்டால் அடியில் உள்ள காற்றுக்குமிழ் போய்விடும். இல்லையென்றால் ‘ண’வின் நடுவில் ஊசி முனை அளவு பளபளப்புப் பொட்டு நிற்கும். முடிந்ததும் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்துப் பாட்டிலிலேயே போடலாம், திரும்பப் பயன்படும். ஸ்டென்சில் ஒட்டியிருக்கும்போதே கழுவுங்கள், பீங்கான் தொட்டியில் வேண்டாம், அதன் பளபளப்பும் போகும்.

ஈரமாக இருக்கும்போது எட்சிங் விழவே இல்லை போலத் தெரியும். பயந்து மறுபடி பூசாதீர்கள். காய்ந்தால் வெள்ளையாகத் தெரியும்.

சூடு தாங்கும் போரோசிலிகேட் டம்ளரில் இது சரியாகப் பிடிக்காது. சாதாரண சோடா கண்ணாடிதான். மொத்தமாக வாங்கும் முன் ஒன்றில் சோதித்துவிடுங்கள். டம்ளரின் உள்பக்கமும் வாய் வைக்கும் விளிம்பும் வேண்டாம்.

மணல்துப்பாக்கி

கதவு வேலைக்கு வருவோம். 80 மைக்ரான் மாஸ்க் மேற்பரப்பை மங்கலாக்கும் அளவுக்குத் தாங்கும். 150 அல்லது 180 கிரிட் அலுமினியம் ஆக்சைடு, 30 முதல் 40 பிஎஸ்ஐ காற்றழுத்தம், நாசில் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக, ஒரே இடத்தில் நிற்காமல். சாய்த்துப் பிடித்தால் மணல் விளிம்புக்கு அடியில் புகுந்து படலத்தைத் தூக்கும்.

ஆழமாகச் செதுக்கிய மாதிரி வேண்டுமென்றால் வினைல் தாங்காது. அது கெட்டி, துகள் பட்டுப் பட்டுத் தேயும். ரப்பர் போன்ற தடித்த மாஸ்க் துகளைத் திருப்பி எறியும், அதனால் நிற்கும். 0.4 மி.மீ. தடிமனுக்கு மேல் இழுபடும் கத்தியால் மூலை சரியாக வராது. 60 பாகை பிளேடு, 200 கிராமுக்கு மேல் அழுத்தம், இரண்டு முறை ஓட்டம் என்று சமாளிக்கலாம், அதுவும் டிசைன் பெரிதாக இருந்தால்தான். இதையே தொழிலாக வைத்துக்கொள்கிறவர்களுக்கு சம்மா எஸ் கிளாஸில் டான்ஜென்ஷியல் தலை உள்ள மாடல் இருக்கிறது. அதில் பிளேடைத் தனி மோட்டார் திருப்பும். டம்ளர் ஆர்டரை நம்பி அதை வாங்குவது அதிகப்படி.

இரண்டு விஷயம் கண்டிப்பாக. ஆற்று மணல் வேண்டாம், சிலிக்கா தூசி நுரையீரலைக் கல்லாக்கும். அலுமினியம் ஆக்சைடிலும் சரியான முகமூடி வேண்டும். இன்னொன்று, கதவுக் கண்ணாடி டஃபன் செய்ததா, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துப் பலப்படுத்தியதா என்று கேளுங்கள். டஃபன் கண்ணாடியின் இரு பக்கமும் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தத்தில் நிற்கும் அடுக்கு. மேலோட்டமாக மங்கலாக்கலாம். ஆழமாகச் செதுக்கினால் மொத்தமும் சில்லு சில்லாக உதிரும். செதுக்குவதானால் டஃபன் செய்வதற்கு முன்பே.

எழுத்துரு_ஆள்

டம்ளரில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கும் டம்ளரில் நேர்கோட்டு ஸ்டென்சில் ஒட்டினால் பெயர் சிரிக்கிற மாதிரி வளையும், ஓரத்தில் சுருக்கமும் விழும். எழுத்தை வில்லாக வளைத்து வெட்ட வேண்டும். மேல் விட்டம் 80, கீழ் விட்டம் 60, சாய்வு உயரம் 100 மி.மீ. என்று வையுங்கள். சாய்வு உயரத்தை மேல் விட்டத்தால் பெருக்கி, விட்டங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் 100 × 80 ÷ 20 = 400. மேல் விளிம்பின் வில் 400 மி.மீ. ஆரம். பெயர் விளிம்பிலிருந்து 30 மி.மீ. கீழே வருமானால் அந்த வரிக்கு ஆரம் 370. கோரலிலோ இங்க்ஸ்கேப்பிலோ அந்த ஆரத்தில் வட்டம் போட்டு எழுத்தை அதன்மேல் ஓட்டுங்கள்.

பிளாட்டர்மெக்

எல்லை எங்கே என்றும் சொல்லிவிட வேண்டும். கோடு 0.5 மி.மீ.க்குக் கீழே போனால், மயிலிறகின் இழை, முகத்தின் கண்ணிமை இந்த மாதிரி, எந்த பிளாட்டரும் வேண்டாம். வெட்டினாலும் உரிக்க முடியாது. அதற்கு ஃபோட்டோ ரெசிஸ்ட் படலம். கருப்பாக அச்சடித்த ஃபிலிமை மேலே வைத்து யூவி ஒளி காட்டி, தண்ணீரில் கழுவினால் ஒளி படாத இடம் கரைந்து போகும். பெரும்பாலும் மணலுக்குத்தான் அது. கிரீமுக்குத் தாங்குமா என்று அந்தந்தப் படலத்தின் குறிப்பில் பார்க்க வேண்டும்.

கண்ணாடிமேசை

ஆஃப்செட்டை 0.35-லிருந்து 0.25-க்கு இறக்கியதும் கொம்பு போய்விட்டது. வட்டத்தில் நேர் இடைவெளிதான் இருந்தது, ஓவர்கட் 0.15-ல் மூடிவிட்டது. பிளேடை உள்ளே இழுத்து 70 கிராமில் வெட்டினால் 8 மி.மீ. ‘அண்ணன்’ மேசையிலேயே முழுசாக உரிகிறது. 6-க்குக் கண்ணாடியில் உரிக்கும் முறை. எனவே 584 மி.மீ. சர்வோ, கதவுக்கு ஓரத்தில் பார்டர் என்று முடிவு. ஸ்டென்சில் ஒன்று 60க்கு 40 மி.மீ. இருநூறு டம்ளருக்கு எவ்வளவு படலம் ஆகும்?

பிளாட்டர்மெக்

நாலு மி.மீ. இடைவெளி விட்டால் குறுக்கே 64 வீதம் 9. நீளத்தில் 44 வீதம் மீட்டருக்கு 22 வரிசை. மீட்டருக்கு 198 ஸ்டென்சில். உரிக்கும்போது கெடுவது, டம்ளரில் கோணலாக ஒட்டுவது எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மீட்டர் வையுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பெட்டிக் கோடு போட்டுவிட்டால் கத்தரிக்கோல் தேவைப்படாது. அந்தப் பெட்டிக்கோடு கடைசியில் வெட்டப்பட வேண்டும். முதலில் வெட்டினால் துண்டு தளர்ந்து, உள்ளே எழுத்து வெட்டும்போது நகரும்.

ரேடியம்கடை

மெஷினோட சேர்த்தே 60 பாகை பிளேடு மூணு, அந்த வெள்ளைப் பட்டை ஒன்னு வாங்கி வச்சுக்கங்க. முகூர்த்த நாளுக்கு முதல் நாள் ராத்திரிதான் முனை ஒடியும்.

கண்ணாடிமேசை

பட்டியலில் சேர்த்தாயிற்று அண்ணே. ஜெல்லும்.